யாரும் கேட்காவிட்டாலும் கற்பது எப்படி: தன்னையே சந்தேகிக்கும் மனதுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கொங்கு நாட்டில் புதிதாக எதையாவது கற்கப் போகிறேன் என்று யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். முதலில் வரும் கேள்வி, "அதுல என்னங்க பிரயோசனம்?" கேட்பவர் கெட்ட எண்ணத்தில் கேட்பதில்லை. மழையை நம்ப முடியாத மேட்டுக்காட்டில் கிணறு வெட்டி, தறி போட்டு, பனியன் கம்பெனி வைத்துப் பிழைத்த ஊர்கள் இவை. செய்கிற சோலிக்குப் பலன் இருக்க வேண்டும் என்பது பல தலைமுறையாக ஊறிப்போன கணக்கு. அந்தக் கணக்கு இருந்ததால்தான் சோமனூரிலும் பல்லடத்திலும் தறி ஓடுகிறது, திருப்பூரிலிருந்து கன்டெய்னர் கிளம்புகிறது. அதை நான் மதிக்கிறேன். நானே ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதித்தான் சாப்பிடுகிறேன்.

சிக்கல் என்னவென்றால், அந்தக் கேள்வி நமக்குள்ளேயும் குடியேறிவிடுகிறது. நாற்பது வயதில் ஒருவருக்குப் பாட்டு கற்க ஆசை வரும். இன்னொருவருக்குப் பாதியில் நின்ற படிப்பை முடிக்க ஆசை. வெளியே யாரும் கேட்கும் முன்பே, "இதுல என்ன பிரயோசனம்" என்று மனசு கேட்டுவிடும். அதற்குப் பதில் தேடுவதற்குள் அடுத்ததும் வந்து நிற்கும்: "சரி, அப்படியே போனாலும் உன்னால ஆகுமா?"

இந்த இரண்டாவது கேள்வியைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். சந்தேகம் தீர்ந்த பிறகு தொடங்கலாம் என்று காத்திருக்கிறவர்கள் தொடங்குவதே இல்லை. சந்தேகத்தோடேயே தொடங்கி, செய்து முடித்ததைச் சான்றாக வைத்து அதைச் சிறுகச் சிறுகக் குறைப்பதுதான் நடக்கிற காரியம். அதற்கு, எடுத்துக்கொண்ட வேலை உங்களுடையதாகவும் இருக்க வேண்டும். ஊர் பாராட்டுக்காகத் தொடங்கியதை ஊர் சொல்லும் ஒரு சொல்லே நிறுத்திவிடும்.

முதல் படி: சந்தேகத்தை அது பேசுகிற மொழியிலேயே எழுதிப் பாருங்கள்

மனதுக்குள் ஓடும்போது சந்தேகம் மலை மாதிரி தெரியும். தாளில் இறக்கினால் பெரும்பாலும் ஒரே ஒரு வாக்கியம்தான் இருக்கும். அதை அழகுபடுத்தாமல், உங்கள் வாயில் எப்படி வருமோ அப்படியே எழுத வேண்டும். "எனக்குத் தன்னம்பிக்கை குறைவு" என்று எழுதினால் ஒன்றும் நடக்காது. அது புத்தகத்தில் படித்த வாக்கியம், உங்களுடையது இல்லை.

எங்கள் கம்பெனியில் செக்கிங் செக்சனில் ஒரு அக்கா இருக்கிறார். பீஸ் செக் பண்ணுகிற வேலையில் தொடங்கி இப்போது அந்த செக்சனுக்கே சூப்பர்வைசர். அவருக்கு ஆங்கிலம் படிக்க வேண்டும் என்று நெடுநாள் ஆசை. ஒரு நாள் டீ இடைவேளையில் பழைய பேக்கிங் லிஸ்ட்டின் பின்பக்கத்தில் அவர் எழுதியது இது: "எனக்கு இங்கிலீசு வராது. பள்ளிக்கூடத்துலயே வரல."

அதற்குக் கீழே நடுவில் ஒரு கோடு போட்டார். இடப்பக்கம், அந்த வாக்கியம் உண்மை என்பதற்கு என்ன ஆதாரம் என்று எழுதினார். பத்தாவதில் ஆங்கிலத்தில் வாங்கிய குறைந்த மார்க். பையர், அதாவது துணி வாங்க வருகிற ஆள், வந்து பேசினால் பின்னால் போய் நின்றுகொள்வது. வலப்பக்கம், அது முழு உண்மை இல்லை என்பதற்கு என்ன ஆதாரம். இங்கேதான் பேனா கொஞ்ச நேரம் நின்றது. பிறகு ஒவ்வொன்றாக வந்தது. அட்டைப்பெட்டியில் ஸ்டைல் நம்பர், சைஸ், கலர் எல்லாம் படித்துத்தான் பிரிக்கிறேன். வாஷ்கேர் லேபிளில் தப்பு இருந்தால் கண்டுபிடிக்கிறேன். மெயிலில் வருகிற கமெண்ட்ஸ் பாதி புரிகிறது. கடைசியில் மேலே இருந்த வாக்கியத்தை அடித்துவிட்டு வேறொன்று எழுதினார்: "இங்கிலீசு பேச வராது. சோலிக்கு வேணுங்கறது படிக்க வருது."

இந்தக் கோடு போடுகிற முறை ஒன்றும் புதிதல்ல. ஆரன் பெக் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1960களில் உருவாக்கத் தொடங்கிய சிகிச்சை முறையில் இதுதான் அடிப்படை: மனதில் தானாக ஓடுகிற எண்ணத்தைப் பிடித்து, சாட்சி கேட்டு, திருத்தி எழுதுவது. இரண்டாவதாக எழுதிய வாக்கியம் பெருமையாக இருக்க வேண்டியதில்லை, உண்மையாக இருந்தால் போதும். "என்னால் எதுவும் முடியும்" என்று எழுதினால் மனசு அதை நம்பாது, நம்பவும் கூடாது.

எழுதும்போது இன்னொன்றும் பிரிந்து வரும். சில வாக்கியங்கள் வெறும் தகவல்: "எனக்குக் கார் ஓட்டத் தெரியாது." கற்றால் தீர்ந்தது. சில வாக்கியங்கள் அடுத்தவர் பார்வை பற்றியவை: "இந்த வயசுல போனா சிரிப்பாங்க." அதற்கு ஐந்தாம் படியில் வருகிறேன். மூன்றாவது வகைதான் ஆழமானது: "நான் அப்படித்தான், என் ராசி அப்படி." நன்றாகச் செய்கிறவர்களிடமும் இது இருக்கும். பாலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் என்ற இரு உளவியலாளர்கள் 1978இல் இதைப் பற்றி எழுதினார்கள். படிப்பிலும் வேலையிலும் நல்ல நிலைக்கு வந்த பெண்கள் பலர், தங்கள் வெற்றி ஏதோ அதிர்ஷ்டத்தில் வந்தது, ஒருநாள் எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்று அஞ்சியதை அவர்கள் கவனித்திருந்தார்கள். அந்த அக்காவும் சூப்பர்வைசர் ஆனதைப் பற்றிக் கேட்டால், "மொதலாளி எரக்கப்பட்டுப் போட்டாருங்க" என்பார். இரக்கப்பட்டு ஒரு செக்சனையே யாரும் தூக்கிக் கொடுப்பதில்லை.

இரண்டாம் படி: இது யாருக்காக என்று கேளுங்கள்

ஒரு சோதனை. நீங்கள் கற்க நினைப்பதை முழுதாகக் கற்று முடித்த பிறகும் அதை யாரிடமும் சொல்லக் கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டேட்டஸில் போடக் கூடாது. ஒரம்பரை (உறவுக்காரர்கள்) வந்தால் காட்டக் கூடாது. சம்பளமும் ஏறாது. அப்போதும் செய்வீர்களா?

ஆமாம் என்று மனம் சொன்னால் அது உங்களுடையது. இல்லை என்றால் அதில் தப்பொன்றும் கிடையாது. பிள்ளைகளின் ஃபீஸுக்காக ஒரு தொழிலைக் கற்பது மரியாதைக்குரிய காரியம். ஆனால் அது வேறு வகை வேலை என்று தெரிந்திருப்பது நல்லது, ஏனென்றால் இரண்டுக்கும் மனம் வேறு வேறு விதமாக ஓடுகிறது. மார்க் லெப்பரும் அவருடைய சகாக்களும் 1973இல் மழலையர் பள்ளியில் ஒரு பரிசோதனை செய்தார்கள். படம் வரைவதில் ஏற்கெனவே ஆசை உள்ள குழந்தைகளில் ஒரு பகுதியினரிடம், வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். வரைந்தார்கள், சான்றிதழும் கிடைத்தது. ஓரிரு வாரம் கழித்து இஷ்டம்போல விளையாடவிட்டபோது, பரிசுக்காக வரைந்த குழந்தைகள் மற்றவர்கள் வரைந்த நேரத்தில் ஏறத்தாழப் பாதிதான் வரைந்தார்கள். ஆசையாக இருந்தது வேலையாக மாறிவிட்டது.

இந்த ஆராய்ச்சி மரபில் எட்வர்ட் டெசியும் ரிச்சர்ட் ரையனும் சொல்வது, மனிதர் உள்ளிருந்து ஊக்கத்தோடு செய்ய மூன்று வேண்டும் என்பது. நானாகத் தேர்ந்தெடுத்தேன் என்ற உணர்வு, கைகூடி வருகிறது என்ற உணர்வு, கூட நாலு மனிதர் இருக்கிறார்கள் என்ற உணர்வு. இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இனி வரும் படிகளில் இவற்றில் ஒன்றைத்தான் ஒவ்வொரு முறையும் காப்பாற்றப் பார்ப்போம்.

நம் ஊர் உதாரணம் வேண்டுமென்றால் ஜி.டி.நாயுடு இருக்கிறார். எத்தனையோ கருவி கண்டுபிடித்தார், 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் பஸ் விட்டார் என்பதெல்லாம் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். அதற்கு முந்தைய பகுதிதான் எனக்குப் பிடித்தது. ஒரு மோட்டார் சைக்கிளைப் பார்த்து ஆசைப்பட்டு, கோயம்புத்தூரில் ஹோட்டலில் வேலை செய்து காசு சேர்த்து வாங்கி, அதைப் பிரித்துப் போட்டுத் திரும்ப மாட்டிப் பார்த்தார். அந்த நேரத்தில் அவரிடம் போய்ப் பிரயோசனம் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்? உள்ளே எப்படி ஓடுகிறது என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

செக்கிங் அக்காவிடம் இந்தச் சோதனையைச் சொன்னபோது கொஞ்ச நேரம் யோசித்தார். பதவி உயர்வுக்கு ஆங்கிலம் தேவைப்படவில்லை, ஏற்கெனவே வாங்கிவிட்டார். கடைசியில் சொன்னது: "பஸ்ல பக்கத்து சீட்டுக்காரங்க விரிக்கிற இங்கிலீசு பேப்பரை நானும் படிக்கோணும்ணா. அவ்வளவுதேன்." இதைவிடச் சுத்தமான காரணம் கிடைக்காது.

மூன்றாம் படி: சந்தேகம் தாங்கும் அளவுக்கு வேலையைச் சின்னதாக்குங்கள்

இந்த வழிகாட்டியிலேயே முக்கியமான படி இதுதான். கொஞ்சம் நின்று பார்ப்போம்.

ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியலாளர் 1977இல், "என்னால் இதைச் செய்ய முடியும்" என்ற நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்று ஆராய்ந்து நான்கு ஊற்றுகளைச் சொன்னார். நாமே செய்து முடித்த அனுபவம். நம்மைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது. நாம் நம்புகிறவர் சொல்லும் ஊக்கச் சொல். நம் உடம்பு அந்த நேரத்தில் இருக்கும் நிலை. இந்த நான்கில் முதலாவதற்குத்தான் வலு அதிகம். ஆயிரம் பேச்சுக் கேட்டாலும், ஒரு சின்ன வேலையைக் கையால் செய்து முடித்ததற்கு ஈடாகாது.

பெருந்துறைப் பக்கம் என் மச்சான் ஒருவர் தறி வைத்திருக்கிறார். ஐம்பதை நெருங்கும் வயதில் நீச்சல் கற்றார். தோட்டத்துக் கிணற்றின் மேட்டிலேயே பிறந்து வளர்ந்தவர், ஒருநாளும் இறங்கியதில்லை. "எனக்குத் தண்ணி ஆகாதுங்க" என்பதுதான் அவருடைய வாக்கியம். சின்ன வயதில் மற்றப் பையன்கள் சுரைப்புருடையை (காய்ந்த சுரைக்குடுக்கையை) முதுகில் கட்டிக்கொண்டு குதித்தபோது இவர் துணிக்குக் காவல். வாத்தியாராக வாய்த்தது அவருடைய மகன், கல்லூரியில் படிக்கிற பையன்.

பையன் பேசிப் பேசியே அப்பாவை மாற்றினான் என்று நினைக்காதீர்கள். அவன் தைரியம் சொல்லவே இல்லை. முதலில் அப்பாவைக் கிணற்றுப் படியில் இடுப்பளவு தண்ணீரில் உட்கார வைத்தான். அன்றைக்கு அவ்வளவுதான் வேலை. பிறகு படிக்கல்லை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு காலை மட்டும் உதைப்பது. "அப்பா, முட்டிய மடக்காதீங்க, தொடையிலிருந்து ஒதைங்க." அது பழகியதும் மூடியை இறுக்கிய காலி எண்ணெய் கேன் இரண்டு முதுகில், இடுப்பில் கயிறு, கயிற்றின் மறுமுனை பையன் கையில். படியிலிருந்து கிணற்றின் ஓரமாகவே கொஞ்ச தூரம் போய்த் திரும்புவது. பிறகு குறுக்கே. பிறகு ஒரு கேன். பிறகு கேன் இல்லாமல் கயிறு மட்டும். கயிறு தொய்வாகவே இருந்தது, அது இழுக்கவே இல்லை என்று மச்சான் கவனித்த அன்றைக்குத்தான் பையன் கயிற்றை அவிழ்த்தான். "தண்ணி ஆகாது" என்ற பேச்சு எந்தக் கட்டத்தில் நின்றது என்று அவருக்கே நினைவில்லை.

(இதைப் படித்துவிட்டு யாரும் தனியாகக் கிணற்றில் இறங்க வேண்டாம். நன்றாக நீந்தத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இல்லாமல், ஏறிவரப் படியில்லாத கிணற்றில், ஒருநாளும் கூடாது.)

பையன் செய்ததை உங்கள் வேலைக்குப் பொருத்திப் பாருங்கள். ஒவ்வொரு கட்டமும் முந்தையதைவிட ஒரே ஒரு விஷயத்தில்தான் கடினம். ஒவ்வொரு கட்டத்துக்கும் முடிந்தது, முடியவில்லை என்று சொல்லத் தெளிவான அடையாளம் இருந்தது. ஒன்று கைகூடும்வரை அடுத்ததற்குப் போகவில்லை. பயம் போய்விட்டதா என்று யாரும் கேட்கவும் இல்லை.

அக்காவுக்கும் அப்படித்தான் வகுத்தோம். முதலில் தினமும் பேப்பரின் தலைப்புகளில் ஒன்று. அதில் தெரியாத சொல்லை மட்டும் குறித்துக்கொள்வது. அதன் பிறகு தலைப்பும் முதல் பத்தியும். அப்புறம் சின்னச் செய்தி ஒன்று முழுதாக. தலையங்கம் பக்கம் இப்போதைக்குப் போவதில்லை என்று அவரே முடிவு செய்தார்.

இரண்டாவது ஊற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. யாரைப் பார்த்துக் கற்பது என்பதில் நாம் அடிக்கடி கெட்டுப்போகிறோம். யூடியூபில் உலகச் சாம்பியனைப் பார்த்தால் ஊக்கம் வராது, ஏக்கம்தான் வரும். உங்களைவிட ஆறு மாதமோ ஒரு வருடமோ முன்னால் போயிருக்கிற, உங்களைப் போலவே வேலையும் வீடும் உள்ள ஒருவரைத் தேடுங்கள். அவர் தடுமாறுவதையும் பக்கத்தில் இருந்து பாருங்கள்.

நான்காவது ஊற்று உடம்பு. புதிதாக ஒன்றைத் தொடங்கும்போது நெஞ்சு படபடக்கும், உள்ளங்கை வேர்க்கும். அதைத் தகுதியில்லை என்பதற்குச் சாட்சியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தூக்கமில்லாத நாளில், பசியோடு இருக்கும்போது எடுக்கும் முடிவையும் நம்பாதீர்கள்.

நான்காம் படி: நேரத்தை ஒரு வேலையோடு முடிச்சுப் போடுங்கள்

"நேரம் கிடைக்கும்போது படிப்பேன்" என்றால் படிக்க மாட்டீர்கள். ஒன்றரை ஷிப்ட் ஓடுகிற நாளில் வீடு வந்து சேரவே இரவாகிவிடும். பீட்டர் கோல்விட்சர் என்ற ஆய்வாளர் காட்டிய எளிய உத்தி ஒன்று உண்டு: "இது நடந்ததும் இதைச் செய்வேன்" என்று முன்கூட்டியே வாக்கியமாக முடிவு செய்வது. மணிக்கணக்கு வைக்காமல், தினமும் எப்படியும் நடக்கிற ஒரு காரியத்தோடு கட்டிவிடுங்கள். "பொழுதோட மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு வந்ததும் திண்ணைல உக்காந்து ஒரு பக்கம்." "பஸ்ல சீட்டு கிடைச்சதும் ஒரு தலைப்பு." மாடு தண்ணீர் குடிக்காத நாள் இல்லை, ஆகவே பக்கமும் தவறாது.

எவ்வளவு நாளில் பழக்கமாகும்? கோவிலுக்கு விரதம் இருந்தாலும் மருந்து சாப்பிட்டாலும் ஒரு மண்டலம், 48 நாள் என்பது நம் வழக்கம். லண்டனில் பிலிப்பா லல்லியும் அவருடைய குழுவும் 96 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2010இல் வந்தது. ஒரு பழக்கம் தானாக நடக்கத் தொடங்கச் சராசரியாக 66 நாள் ஆனது. ஆனால் ஆளுக்கும் பழக்கத்துக்கும் ஏற்ப 18 நாளிலிருந்து 254 நாள்வரை விரிந்திருந்தது அந்த எண்ணிக்கை. இன்னொன்றும் அதில் தெரிந்தது: நடுவில் ஒரு நாள் விட்டுப்போனால் பெரிதாக எதுவும் கெட்டுவிடவில்லை.

இது நமக்கு மிகவும் வேண்டிய செய்தி. மாரியம்மன் நோம்பி வரும், கல்யாணச் சீர் வரும், அவசர ஆர்டர் வந்து ராத்திரி வேலை ஓடும். அந்த நாட்களில் விட்டுப்போகத்தான் செய்யும். விட்டுப்போனால் என்ன செய்வது என்பதையும் முன்பே எழுதி வைத்துவிடுங்கள்: "நோம்பி முடிஞ்ச மறுநாள், வழக்கமான வேலையில் பாதி." முழு அளவோடு திரும்ப முயன்றால் பலருக்கு முடியாமல் போகிறது. பாதி என்றால் திரும்ப வந்துவிடலாம்.

ஐந்தாம் படி: சனம் என்ன சொல்லும்

சொல்லத்தான் செய்யும். ஆனால் நாம் நினைக்கிற அளவுக்கு இல்லை. தாமஸ் கிலோவிச்சும் சகாக்களும் 2000இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், ஒரு மாணவருக்குக் கூச்சம் தரும் படம் போட்ட பனியனை மாட்டிவிட்டு, மற்றவர்கள் உட்கார்ந்திருந்த அறைக்குள் அனுப்பினார்கள். எத்தனை பேர் கவனித்திருப்பார்கள் என்று கேட்டதற்கு, போனவர்கள் சுமார் பாதிப் பேர் என்றார்கள். உண்மையில் கவனித்தது ஏறத்தாழக் கால்வாசிப் பேர். பனியன் ஊரில் இருந்துகொண்டு இதைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை.

அதற்காகக் கேட்கிறவர்களே இல்லை என்று சொல்லவில்லை. மாமா, சித்தப்பா, பெரியம்மா கேட்பார்கள். அவர்களிடம் வாதாடவும் வேண்டாம், நியாயம் சொல்லவும் வேண்டாம். ஒரு பதிலை முன்பே தயார் செய்து வைத்திருங்கள்.

"ஏஞ்சாமி, இந்த வயசுல இங்கிலீசு படிச்சு என்ன பண்ணப் போற?"

"சும்மா பழகிட்டிருக்கறனுங்க மாமா. ஆசையா இருந்துச்சு."

"அதுல என்ன கெடைக்குது?"

"படிக்கறப்ப நல்லா இருக்குதுங்க. நீங்க காப்பி சாப்பிடுங்க மாமா."

மரியாதையும் கெடவில்லை, உங்கள் பக்கமும் விட்டுக்கொடுக்கவில்லை. பேச்சு வேறு பக்கம் போய்விடும். தொடங்கிய புதிதில் எல்லோரிடமும் அறிவிக்காமல் இருப்பதும் நல்லது. சொல்லிவிட்டாலே பாதி செய்த திருப்தி வந்துவிடும், அப்புறம் "என்னாச்சு" என்ற கேள்விக்கு வேறு பதில் சொல்ல வேண்டும். வீட்டில் ஒருவருக்கும், கூடக் கற்கிற ஒருவருக்கும் தெரிந்தால் போதும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். எல்லாத் தயக்கமும் உள்ளிருந்து வருவதில்லை. விடியற்காலையில் எழுந்து சமைத்து, ஷிப்டுக்கு ஓடி, திரும்பி வந்து பாத்திரம் தேய்க்கிற பெண்ணிடம் போய், "தன்னம்பிக்கை வளர்த்துக்கொள்" என்பது அநியாயம். அவளுக்குக் குறைவது நேரமும் ஓய்வும். அப்படிப்பட்ட வீட்டில் முதல் வேலை, வாரத்தில் இரண்டு மாலை அரை மணி நேரம் யார் அடுப்பைப் பார்ப்பது என்று புருசனோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்வதுதான். "எனக்கு உதவி பண்ணுங்க" என்று பொதுவாகக் கேட்டால் நடக்காது. "செவ்வாயும் வெள்ளியும் ஏழு மணிக்கு மேல பசங்களுக்கு நீங்க சோறு போட்டுருங்க" என்று நாளும் மணியும் சொல்லிக் கேளுங்கள்.

அதே போல, ஒரு வாசலை வெளியிலிருந்து பூட்டி வைத்துவிட்டு உள்ளே இருப்பவரைக் கோழை என்பதும் நடக்கிறது. வள்ளி கும்மியைப் பாருங்கள். முன்பு ஆண்கள் ஆடிய ஆட்டம். பெண்களுக்கு வராது என்பதால் ஆடாமல் இருந்தார்களா? சொல்லிக் கொடுக்கத்தான் ஆளில்லை. கோவை மாவட்டத்தின் மூத்த கலைஞர் பத்திரப்பன் வழக்கத்தை மீறிப் பெண்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். அவருக்கு 2024இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. இன்று கோவில் மைதானத்தில் அரங்கேற்றம் என்றால் பாட்டியும் பேத்தியும் ஒரே வட்டத்தில் ஆடுகிறார்கள். வேலை முடிந்து வந்து பொழுதோட பழகி, அடவு தப்பினால் பக்கத்து ஆளைப் பார்த்துத் திருத்திக்கொண்டு, அடுத்த சுற்றில் சேர்ந்துகொள்கிறார்கள். டெசியும் ரையனும் சொன்ன அந்த மூன்றாவது, கூட நாலு மனிதர், அங்கே கண்ணெதிரே இருக்கிறது. தனியாகக் கற்கத் தயங்குகிறவர்கள் இப்படி ஒரு வட்டத்தில் போய்ச் சேர்வது நல்லது. அது கும்மியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஊர் நூலகத்தின் வாசகர் வட்டமும் ஆகும்.

ஆறாம் படி: சறுக்கும் நாளில்

சறுக்கும். அன்றைக்கு உங்களிடம் நீங்களே பேசுவதைக் கேட்டுப் பாருங்கள். அதே சொற்களை உங்கள் அக்கா மகளிடம் சொல்வீர்களா? அவள் ஒரு பரீட்சையில் தவறிவிட்டு வந்தால், "நீ எதுக்கும் லாயக்கில்ல" என்றா சொல்வீர்கள்? "செரி கண்ணு, எந்தக் கேள்வில போச்சு, பாக்கலாம்" என்பீர்கள். கிறிஸ்டின் நெஃப் என்ற உளவியலாளர் இருபது ஆண்டுக்கு மேலாக இதைத்தான் ஆராய்ந்து வருகிறார். தவறும்போது தன்னிடம் பரிவோடு இருப்பவர்கள் சோம்பேறியாகிவிடுவதில்லை, திரும்ப முயல்வதற்கு அது உதவுகிறது.

ஒப்பிட வேண்டுமென்றால் உங்களுடைய பழைய பதிவோடு ஒப்பிடுங்கள். பாட்டு கற்கிறவர் மாதம் ஒருமுறை அதே பாட்டைப் போனில் பதிந்து வையுங்கள். ஆங்கிலம் படிக்கிறவர் தெரியாத சொற்களைக் குறித்த நோட்டைத் தூக்கிப் போடாதீர்கள். அக்காவின் நோட்டில் முதல் பக்கங்களில் இருக்கும் சொற்கள் இன்று அவருக்குச் சாதாரணம். அதைப் புரட்டிக் காட்டுவதைவிட நல்ல ஆறுதல் எனக்குச் சொல்லத் தெரியாது.

சில சமயம் இது வெறும் சந்தேகமாக இருக்காது. இரண்டு வாரத்துக்கு மேல் மனம் கனத்தே இருக்கிறது, தூக்கமும் பசியும் கெட்டுவிட்டது, முன்பு பிடித்த எதிலும் ஆசை இல்லை, வாழ்ந்து என்ன என்று தோன்றுகிறது என்றால் இந்த வழிகாட்டியை மூடி வைத்துவிடுங்கள். 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்கு எந்த நேரமும் கட்டணமில்லாமல் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம். அரசுத் தலைமை மருத்துவமனைகளில் மனநலப் பிரிவும் இருக்கிறது. காய்ச்சலுக்குப் போவது போலத்தான் இதற்கும் போக வேண்டும். பக்கத்தில் இருப்பவர் யாராவது இப்படிப் பேசினால், அவரைத் தனியே விடாமல் கூடவே போங்கள்.

ஏழாம் படி: "இதையே தொழிலா பண்ணலாமே" என்று கேட்கும்போது

கொங்கு நாட்டில் இந்தக் கட்டம் எல்லோருக்கும் வந்தே தீரும். கை கொஞ்சம் தேறியதும், முதலில் பிரயோசனம் கேட்ட அதே மாமா வந்து, "இதுல நல்ல காசு பாக்கலாம் போல இருக்குதே" என்பார். இது சந்தேகத்தைவிடப் பெரிய சோதனை, ஏனென்றால் பாராட்டு உடையில் வருகிறது.

உடனே சரி என்றும் சொல்லாதீர்கள், மாட்டேன் என்றும் சொல்லாதீர்கள். இரண்டாம் படியின் கேள்வியைத் திரும்பக் கேளுங்கள். காசுக்காகச் செய்வதால் அந்த ஆசை வற்றிவிடுமா, அல்லது இன்னும் ஆழமாகக் கற்க வழி வருமா? தையலில் ஆரி வேலை கற்ற பெண்கள் பலர் ஆர்டர் எடுத்துச் செய்கிறார்கள், நன்றாகவும் இருக்கிறார்கள். ஆனால் மூச்சுவிட நேரமில்லாமல் கல்யாண சீசன் ஜாக்கெட் தைத்து, ஊசியைக் கண்டாலே வெறுத்துப்போனவர்களும் உண்டு. நான் சொல்வது இதுதான்: விற்றால் விற்றுக்கொள்ளுங்கள், ஆனால் அதில் ஒரு பகுதியை விற்பனைக்கு வெளியே வையுங்கள். வாரத்தில் ஒரு ஜாக்கெட், உங்கள் மனதுக்குப் பிடித்த டிசைனில், யாருடைய அளவுக்கும் இல்லாமல்.

அதே நேரம், எடுத்தது உங்களுக்கு ஒத்துவரவில்லை என்றால் விட்டுவிடவும் உரிமை உண்டு. விடுவதற்கு முன் ஒரு கேள்வி மட்டும். கடினமான கட்டத்தில் நிற்கிறதால் விடத் தோன்றுகிறதா, அல்லது எளிதாகப் போன நாட்களிலும் இதில் சந்தோஷம் இல்லையா? முதலாவது என்றால் மூன்றாம் படிக்குத் திரும்பி, வேலையை இன்னும் சின்னதாக்குங்கள். இரண்டாவது என்றால் மனக்குறையில்லாமல் விட்டுவிட்டு வேறொன்றைத் தொடுங்கள். ஆகஸ்ட் மாதம் ஈரோட்டில் புத்தகத் திருவிழா நடக்கும். அங்கே ஒரு மாலை கைவீசி நடந்து பாருங்கள். உங்கள் கால் எந்தக் கடையில் தானாக நிற்கிறதோ, அந்தப் புத்தகத்தின் பொருளை அடுத்ததாக முயலலாம்.